வாசகர் கேள்விகள்: அமெரிக்கக் கவுண்டிகளில் பேரிடர் பணம் யார் கைக்குப் போகிறது?

போன இதழில் அமெரிக்க விவசாயிகளுக்கு அந்த அரசு கொடுக்கும் பேரிடர் உதவியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகள் அங்கே இருக்கிறவர்கள், வேளாண்மை படிக்கிறவர்கள், அங்கேயே நிலம் வாங்கிவிட்டவர்கள் என்று பல தரப்பு. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பகுதி, நம் மாவட்டம் மாதிரி, ஆனால் பல இடங்களில் அதைவிடச் சின்னது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஒரு கவுண்டியைப் பேரிடர் பகுதி என்று அறிவித்துவிட்டதாகச் செய்தி வருகிறதே, அப்படியானால் அங்கே உள்ள விவசாயிகள் எல்லோருக்கும் பணம் வந்துவிடுமா? (வேளாண் கல்லூரி மாணவி)

வராது. அங்கே உள்ளவர்களிலேயே பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வேளாண் அமைச்சர் ஒரு கவுண்டியைப் பேரிடர் பகுதியாக அறிவிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பயிரிலாவது 30 சதவீத விளைச்சல் போயிருக்க வேண்டும். வறட்சி என்றால் 2012 முதல் ஒரு சுருக்கு வழி இருக்கிறது: வாராவாரம் வெளியாகிற வறட்சி வரைபடத்தில் அந்தக் கவுண்டி கடும் வறட்சி என்ற நிலையில் தொடர்ந்து 8 வாரம் இருந்தால், அல்லது அதற்கும் மேலான நிலைக்குப் போய்விட்டால், கிட்டத்தட்டத் தானாகவே அறிவிப்பு வந்துவிடும். எல்லையை ஒட்டியிருக்கிற கவுண்டிகளும் கூடவே சேர்ந்துகொள்ளும். சரி, இதனால் என்ன கிடைக்கும் என்றால், முக்கியமாக அவசரக் கடன். கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும். அதிகபட்சம் 5 லட்சம் டாலர், 8 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், வேறு இடத்தில் நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே கடனில் இருக்கிற ஒரு மனிதருக்கு விளைச்சலும் போன வருஷத்தில் இன்னொரு கடன் என்பது எவ்வளவு பெரிய உதவி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பணமாகக் கைக்கு வருவது வேறு வழிகளில். ஒன்று, பயிர்க் காப்பீடு. பிரீமியத்தில் பாதிக்கு மேல் அரசு கட்டுகிறது, நஷ்டம் வந்தால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இரண்டாவது, சட்டத்தில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிற திட்டங்கள்: கால்நடை சாவுக்கு ஒன்று, மேய்ச்சல் நிலம் காய்ந்தால் ஒன்று, மரம் விழுந்தால் ஒன்று, காப்பீடே இல்லாத பயிர்களுக்கு ஒன்று. மூன்றாவது, பெரிய புயலோ தீயோ வந்த பிறகு நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட்டு ஒதுக்குகிற பணம். இந்த மூன்றாவதுதான் தலைப்புச் செய்தியில் வரும், தொகையும் பெரிது, ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மூன்றிலுமே அடிப்படை ஒன்றுதான். நஷ்டம் நடப்பதற்கு முன்னால் உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் பணம். கீழே வரும் பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: பணத்தை யார் கொடுக்கிறார்கள்? கவுண்டி நிர்வாகமா? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

இல்லை, மத்திய அரசு. அமெரிக்க வேளாண் துறையின் கீழ் பண்ணைச் சேவை முகமை என்று ஒன்று இருக்கிறது, எஃப்.எஸ்.ஏ. என்றால் அங்கே கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நாடு முழுக்க 2,000க்கும் மேற்பட்ட கிளை ஆபீஸ்கள். உங்களைப் போல வங்கியில் இருந்தவருக்குப் பிடிக்கக்கூடிய ஒரு விஷயம்: ஒவ்வொரு ஆபீஸுக்கும் அந்தப் பகுதி விவசாயிகளே தபாலில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு குழு உண்டு, 3 முதல் 11 பேர், மூன்று வருஷப் பதவி. விண்ணப்பத்தில் சந்தேகம் வந்தால், ஒரு கவுண்டியில் ஏக்கருக்குச் சராசரி விளைச்சல் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டியிருந்தால், அந்தக் குழு உட்கார்ந்து பேசும். ஊர் நிலவரம் தெரிந்தவர்கள் முடிவு செய்கிறார்கள் என்பது நல்ல ஏற்பாடு. ஊரில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்பதும் அதே ஆட்களுக்குத் தெரியும் என்பது இதன் மறுபக்கம். அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது.

கேள்வி: மாடு செத்தால் பணம் தருவார்களாமே, எத்தனை மாடு செத்தது என்று எப்படி நம்புகிறார்கள்? (கால்நடை மருத்துவ உதவியாளர்)

இந்தக் கேள்விக்கு 2013இல் தெற்கு டகோட்டாவில் நடந்ததைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும்.

அக்டோபர் முதல் வாரம். மாடுகள் இன்னும் கோடைக்கால மேய்ச்சலில் திறந்தவெளியில் நிற்கின்றன, குளிர்கால ரோமம் வளரவில்லை. முதலில் மழை பெய்து உடம்பெல்லாம் நனைந்தது, அதன் மேல் பனிப்புயல். மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே போய், மைல் கணக்கில் நடந்து, வேலி ஓரத்திலும் ஓடைப் பள்ளத்திலும் குவியல் குவியலாகச் செத்தன. மாநிலத்தின் மேற்குக் கவுண்டிகளில் பல்லாயிரம் மாடுகள். அட்லஸ் புயல் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து, பட்ஜெட் சண்டையில் மத்திய அரசு அக்டோபர் 1 முதல் மூடிக் கிடந்தது. எஃப்.எஸ்.ஏ. ஆபீஸ் பூட்டியிருக்கிறது, போன் அடித்தால் எடுக்க ஆள் இல்லை. அதைவிட மோசம், கால்நடைச் சாவுக்கான திட்டமே 2011 செப்டம்பரோடு காலாவதியாகி, புதிய சட்டம் வராமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக, போய்க் கேட்க இடமும் இல்லை, கேட்பதற்குத் திட்டமும் இல்லை.

அந்த நிலையில் பண்ணைக்காரர்களுக்கு விவசாயச் சங்கங்களும் விரிவாக்கப் பணியாளர்களும் சொன்னது ஒன்றே ஒன்று: புதைப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். பனி உருகிச் சேறான இடத்தில் செத்த மாட்டின் காதைத் துடைத்து, அதில் மாட்டியிருக்கிற அடையாளத் தோட்டின் எண் தெரிகிற மாதிரி ஒரு படம், தொடையில் உள்ள சூட்டுக் குறிக்கு ஒரு படம், தேதி, இடம், பசுவா கன்றா என்று ஒரு நோட்டில் குறிப்பு. பல பண்ணை மாடுகள் ஒன்றாகக் கலந்து செத்துக் கிடந்ததால் சூட்டுக் குறியை வைத்துத்தான் யாருடையது என்றே பிரிக்க முடிந்தது. மருத்துவரோ சம்பந்தமில்லாத மூன்றாம் ஆளோ பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தான் பிறந்ததிலிருந்து வளர்த்த மாட்டை அப்படிக் குனிந்து படம் எடுக்க எவ்வளவு மனவலிமை வேண்டும்! ஆனால் எடுத்தவர்களுக்குப் பணம் வந்தது. 2014 பிப்ரவரியில் புதிய வேளாண் சட்டம் வந்தது, அந்தத் திட்டத்தை நிரந்தரமாக்கியது, 2011 அக்டோபர் வரை பின்தேதியிட்டுக் கொடுக்கச் சொன்னது, ஏப்ரலில் விண்ணப்பம் வாங்கத் தொடங்கினார்கள்.

கணக்கு எப்படி என்றால், வழக்கமாகவே ஒரு வருஷத்தில் இத்தனை சதவீதம் சாகும் என்று ஓர் அளவு வைத்திருப்பார்கள், அதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான். 200 பசு வைத்திருக்கிறார், 40 செத்துவிட்டது, வழக்கமான சாவு 1.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 பசுவைக் கழித்து 37 பசுவுக்குச் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்கும். அதனால் செத்த எண்ணிக்கை மட்டும் போதாது, புயலுக்கு முந்தின நாள் எத்தனை இருந்தது என்பதற்கும் ஆதாரம் வேண்டும்: தடுப்பூசி ரசீது, வங்கிக்குக் கொடுத்த கணக்கு, வாங்கின பில் என்று ஏதாவது.

கேள்வி: வறட்சிக்குத் தனி உதவி உண்டா? வறட்சி என்று யார் முடிவு செய்கிறார்கள்? (பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்)

மேய்ச்சல் நிலத்துக்கு உண்டு. முடிவு செய்வது ஒரு வரைபடம். 1999 முதல் வாராவாரம் வியாழக்கிழமை வருகிறது, நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய வறட்சித் தணிப்பு மையமும் மத்திய அரசுத் துறைகளும் சேர்ந்து தயாரிக்கின்றன. டி0 முதல் டி4 வரை நிலைகள், மஞ்சளில் தொடங்கி அடர்சிவப்பு வரை. உங்கள் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி மேய்ச்சல் பருவத்தில் டி3 நிறத்துக்கு ஒரு வாரம் வந்துவிட்டாலே மூன்று மாதத் தீவனப் பணத்துக்குத் தகுதி. டி4 நாலு வாரம் இருந்தால் ஐந்து மாதப் பணம். டி2, அதாவது மேலே சொன்ன கடும் வறட்சி, என்றால் முன்பு தொடர்ந்து 8 வாரம் இருக்க வேண்டும் என்று இருந்தது, 2025 சட்டத்தில் 4 வாரமாகக் குறைத்துவிட்டார்கள். மாதப் பணம் என்பது கணக்கிட்ட தீவனச் செலவில் 60 சதவீதம்.

ஏதாவது ஒரு பகுதி என்ற சொல்லைக் கவனியுங்கள். கவுண்டியின் வடமேற்கு மூலையில் சிவப்பு பட்டால் தென்கிழக்கில் இருப்பவருக்கும் பணம் வரும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி, அங்கே சிவப்பு இல்லை என்றால், ஒரே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பண்ணைகளில் ஒன்றுக்கு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. ஆனாலும் ஆள் பிடிக்காமல், வரைபடத்தைப் பார்த்துச் சீக்கிரம் கொடுக்க முடிகிற முறை இது, அந்த வேகத்துக்காக இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கேள்வி: என் மகன் குடும்பம் அங்கே இரண்டு ஏக்கரில் கத்தரி, வெண்டை, மிளகாய் போட்டு வாரச் சந்தையில் விற்கிறார்கள். ஆலங்கட்டி மழையில் எல்லாம் போய்விட்டது. அவர்களுக்கு எதுவும் உண்டா? (ஒரு தாய்)

அம்மா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

மக்காச்சோளம், சோயா, கோதுமை, பருத்தி போடுகிறவருக்குப் பயிர்க் காப்பீடு எளிதாகக் கிடைக்கும். பல காய்கறிகளுக்குப் பல கவுண்டிகளில் தனிப் பாலிசியே கிடையாது. அவர்களுக்காகத்தான் காப்பீடில்லாப் பயிர்த் திட்டம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்குப் பருவம் தொடங்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். ஒரு பயிருக்கு 325 டாலர் கட்டணம், ஒரு கவுண்டியில் எத்தனை பயிர் போட்டாலும் ஒருவருக்கு 825க்கு மேல் போகாது. புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோருக்கு இந்தக் கட்டணத் தள்ளுபடி உண்டு.

பதிந்திருந்தாலும் அடிப்படைத் திட்டத்தில் என்ன வரும் என்று பாருங்கள். பாதிக்கு மேல் நஷ்டம் ஆனால்தான் தொடங்கும், அந்தப் பாதிக்கு மேலான பகுதிக்கு மட்டும், சராசரி விலையில் 55 சதவீதம். வழக்கமாக 20,000 டாலர் மதிப்புள்ள விளைச்சல், இந்த முறை 30 சதவீதம்தான் தேறியது என்றால், கணக்குக்கு வருவது 20 சதவீதம், அதாவது 4,000 டாலர், அதில் 55 சதவீதம் 2,200. போனது 14,000, வருவது 2,200. கூடுதல் பிரீமியம் கட்டி உயர்ந்த பாதுகாப்பும் வாங்கலாம், முழு விலைக்கு, 65 சதவீத விளைச்சல் வரைக்கும். காய்கறி போடுகிறவர்களுக்கு அதுதான் உருப்படியானது.

மகன் பதிந்திருந்தால் இன்றே ஆபீஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நஷ்டம் தெரிந்த 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், கையால் பறிக்கிற சில பயிர்களுக்கு 72 மணி நேரம்தான். செடியை உழுதுவிட வேண்டாம், ஆள் வந்து பார்க்கிற வரை அப்படியே கிடக்கட்டும். பதியவில்லை என்றால் இந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடைக்காது, அடுத்த பருவத்துக்காவது இப்போதே பதியச் சொல்லுங்கள்.

கேள்வி: பணம் வர எத்தனை நாள் ஆகும்? (பல வாசகர்கள்)

காப்பீடு என்றால் சில வாரங்களோ மாதங்களோ. நாடாளுமன்றம் தனியாக ஒதுக்குகிற பணம் என்றால் வருஷக் கணக்கு.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி அயோவா மாநிலத்தைக் குறுக்காக ஒரு சூறைக்காற்று கடந்தது. ஒரே பகலில் லட்சக்கணக்கான ஏக்கர் மக்காச்சோளம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது, தானியக் கிடங்குகள் கசங்கிப் போயின. அதற்கான உதவிச் சட்டம் கையெழுத்தானது 2021 செப்டம்பர் 30. விண்ணப்பங்கள் தபாலில் போனது 2022 மே மாதம். இதற்குள் இரண்டு முறை விதைப்பு வந்துவிட்டது. விதைக்கும் உரத்துக்கும் வங்கி காத்திருக்குமா?

அந்தத் திட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. பயிர்க் காப்பீடு வைத்திருந்தவர்களின் விவரம் அரசிடம் ஏற்கெனவே இருந்ததால், படிவத்தை நிரப்பியே அனுப்பிவிட்டார்கள், சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். காப்பீடு இல்லாதவர்களுக்கான இரண்டாம் கட்டம் 2023 ஜனவரியில்தான் தொடங்கியது, அதுவும் வரிக் கணக்கு, வருமானக் கணக்கு என்று எல்லாவற்றையும் அவர்களே தோண்டி எடுத்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் சின்ன ஆட்கள், காய்கறி, பழம் போடுகிறவர்கள். இது எனக்குக் கோபம் வருகிற இடம். கணக்கு எழுத ஆள் வைத்துக்கொள்ள முடிந்தவருக்கு வேலை சுலபம், முடியாதவருக்குக் காத்திருப்பும் அதிகம், அலைச்சலும் அதிகம்.

2018 அக்டோபர் 10இல் மைக்கேல் புயல் ஃபுளோரிடாவையும் ஜார்ஜியாவையும் அடித்தபோதும் இதே கதை. பருத்தி அறுவடைக்குத் தயாராக வெடித்து நின்ற நேரம். சட்டம் 2019 ஜூனில், விண்ணப்பம் செப்டம்பரில். 2023, 2024 நஷ்டங்களுக்கான சட்டம் 2024 டிசம்பர் 21இல் கையெழுத்தாகி, முதல் கட்ட விண்ணப்பம் 2025 ஜூலையில் திறந்தது. அதிலும் கணக்கிட்ட தொகையில் 35 சதவீதம்தான் முதலில் கொடுத்தார்கள். ஒதுக்கிய பணம் எல்லோருக்கும் எட்ட வேண்டுமே என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கேள்வி: எல்லாம் பெரிய பண்ணைகளுக்கே போகிறது என்கிறார்களே, உண்மையா? (பொருளியல் ஆசிரியர்)

பெரும்பகுதி அப்படித்தான் போகிறது, ஆனால் அதில் எல்லாமே அநியாயம் என்று சொல்ல முடியாது. நஷ்டத்துக்கு ஏற்பப் பணம் என்றால் அதிகம் விளைவிக்கிறவருக்குத்தான் அதிகம் போகும். 2022 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 19 லட்சம் பண்ணைகள், அதில் 10 லட்சம் டாலருக்கு மேல் விற்றவை 6 சதவீதம்தான், ஆனால் மொத்த விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் அவர்களுடையது.

உச்சவரம்பு உண்டு. மேய்ச்சல் வறட்சித் திட்டத்தில் ஒருவருக்கு வருஷத்துக்கு 1,25,000 டாலர். கால்நடைச் சாவுத் திட்டத்துக்கு வரம்பே இல்லை. வரம்பு ஆளுக்கு என்பதால், கூட்டுப் பண்ணையில் பங்காளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. குடும்பம் என்ற கணக்கில் 2018 வேளாண் சட்டம் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் வரை சேர்த்துவிட்டது. பண்ணைக்கு வராமல் நகரத்தில் இருந்துகொண்டு நிர்வாகம் பார்க்கிறேன் என்று சொல்கிற உறவினர் பெயரிலும் ஒரு வரம்பு எழும்புகிறது. இதை அடைக்க வேண்டும் என்று அங்கேயே பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நல்ல விஷயமும் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல் பணிக்குழு என்ற தன்னார்வ அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய விவரங்களை வைத்து 1995 முதல் எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு பேரிடர் பணம் போனது, யாருக்குப் போனது என்று யாரும் பார்க்கிற மாதிரி வெளியிடுகிறது. பயிர்க் காப்பீட்டில் மட்டும் யாருக்கு எவ்வளவு என்பதை வெளியே விடச் சட்டம் இடம் தரவில்லை.

கேள்வி: உள்ளூர் ஆபீஸில் பாரபட்சம் பார்த்ததாகப் படித்தேன். அது என்ன வழக்கு? (சட்ட மாணவர்)

பிக்ஃபோர்டு வழக்கு. வட கரோலினாவைச் சேர்ந்த கறுப்பின விவசாயி திமோதி பிக்ஃபோர்டும் மற்றவர்களும், அப்போதைய வேளாண் அமைச்சர் டான் கிளிக்மன் மீது தொடுத்தது. 1981 முதல் 1996 வரை கறுப்பின விவசாயிகளுக்குக் கடனும் பேரிடர் பணமும் மறுக்கப்பட்டன, இழுத்தடிக்கப்பட்டன, புகார் கொடுத்தால் அதை விசாரிக்கவும் இல்லை என்பது குற்றச்சாட்டு. அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்களில் கவுண்டிக் குழுக்கள் பெரும்பாலும் வெள்ளையர்களாகவே இருந்தன. விதைப்புக்கு மார்ச்சில் வர வேண்டிய பணம் ஜூலையில் வந்தால் அது வந்தும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான். 1999 ஏப்ரலில் நீதிமன்றம் சமரசத்தை ஏற்றது, நூறு கோடி டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது. விடுபட்டுப்போனவர்களுக்காக 2010இல் மேலும் 125 கோடிக்குச் சமரசம் ஆனது. அதற்குள் பலர் நிலத்தை இழந்துவிட்டார்கள், பலர் இறந்தே போனார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிரச்சினை வாரிசு நிலம். தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார், நிலம் பத்து இருபது பேரப்பிள்ளைகளுக்குப் பொதுவில் நிற்கிறது, ஒருவர் மட்டும் அங்கே இருந்து உழுகிறார். தெற்கில் கறுப்பினக் குடும்பங்களில் இது ரொம்ப சகஜம். தெளிவான பத்திரம் இல்லாததால் எஃப்.எஸ்.ஏ. பண்ணை எண் கிடைக்காது, எண் இல்லாமல் எந்தத் திட்டத்திலும் சேர முடியாது, புயல் வந்தால் அவர் கணக்கிலேயே இல்லை. 2018 சட்டம்தான் மாற்று ஆவணங்களை ஏற்றுக்கொள்ளச் சொன்னது. நிலத்தில் உழுகிறவர் யார் என்று அந்த ஊருக்கே தெரியும்போது, அதை அரசு ஏற்றுக்கொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

கேள்வி: கூலி ஆட்களுக்கு? (தொழிற்சங்கத்தில் இருந்தவர்)

இந்தத் திட்டங்களில் ஒரு டாலர் கூடக் கிடையாது. தோட்டம் அழிந்தால் முதலாளிக்கு நிவாரணம், பறிக்க வந்தவருக்கு வேலை போனதுதான் மிச்சம். ஜனாதிபதி பெரும் பேரிடர் என்று அறிவித்த கவுண்டியாக இருந்தால் பேரிடர் வேலையின்மை உதவி கேட்கலாம், ஆனால் சட்டப்படி வேலை செய்யும் அனுமதி இருக்க வேண்டும். அங்கே பயிர்த் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் கணிசமானவர்களுக்கு அந்த அனுமதி கிடையாது.

கேள்வி: ஏமாற்று நடக்குமா? (இரண்டு வாசகர்கள்)

நடக்கும். வட கரோலினாவில் ஒரு தக்காளிப் பண்ணையில் வயலில் ஐஸ் கட்டிகளைக் கொட்டிப் படம் எடுத்து, ஆலங்கட்டி மழை என்று காப்பீட்டுப் பணம் வாங்கிப் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள்.

ஆனால் விண்ணப்பித்தவர் பொய்யே சொல்லாமல், விதியே தப்பாக இருந்து பணம் போனதும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய கவலை. 2002, 2003இல் வறட்சிக்கென்று கொண்டுவந்த கால்நடை உதவித் திட்டத்தில், எந்தக் காரணத்துக்காகவாவது கவுண்டி பேரிடர் பகுதியாக அறிவிக்கப்பட்டிருந்தால் போதும், தனிப்பட்ட நஷ்டத்தைக் காட்ட வேண்டாம் என்று ஆனது. 2003 பிப்ரவரி 1இல் கொலம்பியா விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியது. அதன் துண்டுகள் விழுந்ததால் பேரிடர் பகுதியான டெக்ஸஸ் கவுண்டிகளில் மாடு வளர்ப்பவர்களுக்கும் அந்த வறட்சிப் பணம் போனது. 2006இல் ஒரு வாஷிங்டன் நாளிதழ் இதை வெளிக்கொண்டுவந்தது. வாங்கியவர்களில் சிலரே எங்களுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். ஒரு பக்கம் உண்மையிலேயே காய்ந்தவர் காகிதம் இல்லாமல் நிற்கிறார், இன்னொரு பக்கம் காயாத இடத்துக்குப் பணம் போகிறது. இரண்டும் ஒரே மாதிரியான விதியால் நடக்கிறது.

கேள்வி: குத்தகை நிலம் என்றால் பணம் நிலச் சொந்தக்காரருக்கா, உழுகிறவருக்கா?

பயிரின் நஷ்டம் யார் தலையில் விழுகிறதோ அவருக்கு. ரொக்கக் குத்தகை என்றால் முழுவதும் உழுகிறவருக்கு. விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தால் பங்குப்படி இருவருக்கும். பேச்சோடு நிற்காமல் குத்தகையை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேள்வி: அந்தப் பணத்துக்கு வரி உண்டா?

உண்டு, வருமானமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாக விளைச்சலை அடுத்த வருஷம் விற்கிறவராக இருந்தால், பயிர் நஷ்டப் பணத்தை அடுத்த வருஷக் கணக்குக்குத் தள்ளி வைக்க வழி இருக்கிறது. வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கை குடும்பம் ஜார்ஜியாவில் பெக்கான் (ஒரு வகைக் கொட்டை மரம்) தோப்பு வாங்கப் போகிறது, கொஞ்சம் மாடும் வைப்பார்களாம். புயல் பகுதி என்கிறார்கள். முன்கூட்டியே என்ன செய்து வைக்க வேண்டும்? (ஓர் அண்ணன்)

இப்போதே கேட்டது நல்லது. கிரயம் முடிந்த வாரமே கவுண்டி எஃப்.எஸ்.ஏ. ஆபீஸுக்குப் போய்ப் பண்ணை எண் வாங்கச் சொல்லுங்கள். அப்புறம் வருஷாவருஷம் எந்த நிலத்தில் என்ன, எத்தனை ஏக்கர் என்று தெரிவிக்க வேண்டும், நம் அடங்கல் பதிவு மாதிரி. பல வசந்தகாலப் பயிர்களுக்கு ஜூலை 15 கடைசி, தோப்புக்கு எந்தத் தேதி என்று ஆபீஸில் கேட்டுக்கொள்ளட்டும். இந்த ஒரு காகிதம் இல்லாமல் கிட்டத்தட்ட எந்தப் பேரிடர்ப் பணமும் வராது.

பெக்கானுக்குக் காப்பீடு எந்த வயது மரத்திலிருந்து கிடைக்கும், அந்தக் கவுண்டியில் கிடைக்குமா என்று முகவரிடம் கேட்கட்டும். மரம் விழுந்தால் தனித் திட்டம் உண்டு: வழக்கமான சாவைவிட அதிகமாக மரம் போயிருந்தால், மறுநடவுச் செலவில் ஒரு பகுதி கொடுப்பார்கள். ஆனால் புதுக் கன்று நல்ல காய்ப்புக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும், அந்த வருஷங்களின் வருமானத்துக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. மைக்கேல் புயலில் பல தலைமுறை மரங்கள் ஒரே நாளில் வேரோடு சாய்ந்தன, அதனால் இவர்கள் வாங்கும்போதே பாதித் தோப்பில் ஊடுபயிருக்கோ மேய்ச்சலுக்கோ வழி இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். விறகு, பலகைக்கு வளர்க்கிற மரங்கள் தோப்பை ஒட்டி இருந்தால், மைக்கேலுக்குப் பின் வந்த முக்கியத் திட்டத்தில் அவை சேரவில்லை, மாநிலங்களுக்குத் தனியாகக் கொடுத்த நிதியில்தான் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாடுகளுக்குக் காதுத்தோடு போட்டு, வருஷத்துக்கு இரண்டு முறை எண்ணி, எண்ணின தேதியோடு எழுதி வைக்கட்டும். நோட்டின் படத்தை வீட்டுக்கு வெளியே உள்ள யாருக்காவது அனுப்பி வைக்கட்டும், வீடே போனாலும் கணக்கு தப்பிக்கும். மாடு செத்தால் விண்ணப்பத்துக்கு அடுத்த வருஷம் மார்ச் 1 வரை நேரம் உண்டு, அதுவரை விடாமல் அப்போதே போவது நல்லது. வேலி விழுந்தால், குப்பை அடைத்தால், சீர்செய்யும் செலவில் 75 சதவீதம் வரை கொடுக்கிற அவசரத் திட்டம் இருக்கிறது, புதியவர்களுக்கு 90 வரை. 2024 பிப்ரவரியில் டெக்ஸஸில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்த தீக்குப் பின் வேலி போட அதுதான் கைகொடுத்தது. ஆனால் பொதுவாக ஆபீஸில் இருந்து வந்து பார்த்து ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால் வேலையைத் தொடங்கினால் அந்தப் பணம் போய்விடும். மாடு ரோட்டுக்கு ஓடுகிறது, உடனே கட்டியே ஆக வேண்டும் என்றால், கட்டுவதற்கு முன் ஒரு போன், படங்கள், பேசினவர் பெயர், நேரம். இவ்வளவையும் குறித்துக்கொண்டு பிறகு கம்பியைத் தொடச் சொல்லுங்கள்.